சிகிச்சை முடிந்தது... அப்புறம்?

தமிழ் சினிமாவில் புற்றுநோய் வந்தவர் பெரும்பாலும் கடைசி ரீலில் இறந்துவிடுவார். அபூர்வமாகப் பிழைத்துக்கொண்டால் உடனே 'சுபம்' போட்டுவிடுவார்கள். பிழைத்தவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார், யாரிடம் போனார், மாத்திரை வாங்கக் காசு இருந்ததா என்பதைப் பற்றி எந்த இயக்குனரும் கவலைப்படுவதில்லை.

சினிமாவை விடுங்கள். மருத்துவ உலகமே வெகு காலம் இப்படித்தான் இருந்தது. கட்டியை வெட்டியாயிற்று, கீமோ கொடுத்தாயிற்று, கதிர்வீச்சும் முடிந்தது (நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள்), இனி வீட்டுக்குப் போகலாம். அமெரிக்காவில் இந்த "இனி"க்குப் பிறகு என்ன நடந்தது, அதிலும் கறுப்பினத்தவருக்கும் ஸ்பானிஷ் பேசும் மக்களுக்கும் என்ன நடந்தது என்பது ஒரு தனி வரலாறு. அதிகம் பேசப்படாத வரலாறும் கூட.

முதலில் ஒரு கணக்கு. 1971-ல் அதிபர் நிக்ஸன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 'புற்றுநோய் மீதான போர்' என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது அமெரிக்காவில் புற்றுநோய் வந்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். 2022-ல் அந்த எண்ணிக்கை 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் இத்தனை பேருக்கும் சிகிச்சைக்குப் பிறகும் ஏதோ ஒரு கவனிப்பு தேவைப்படுகிறது.

மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணையே எடுத்துக்கொள்வோம். ஹார்மோன் வகைப் புற்றுநோய் என்றால் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். வருடா வருடம் மேமோகிராம் எடுக்க வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் கை வீங்கலாம், அதுவும் பல வருடம் கழித்து. சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பலவீனப்படுத்தும். இது போதாதென்று, சின்னதாக முதுகு வலித்தாலும் "திரும்ப வந்துவிட்டதோ" என்ற பயம். கூடவே வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகள். அமெரிக்காவில் இன்னொரு விசேஷமும் உண்டு. அங்கே பெரும்பாலானவர்களின் இன்சூரன்ஸ் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அதுவும் போய்விடும். "உனக்கு ஏற்கெனவே புற்றுநோய் வந்திருக்கிறது" என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் தனிநபர்களைத் திருப்பி அனுப்புவது 2014-ல்தான் சட்டப்படி நின்றது.

இனி கதைக்கு வருவோம்.

ஆட்ரி லார்ட் என்ற கவிஞர். கரீபியத் தீவுகளிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் பெண். ஹார்லம் பகுதியில் வளர்ந்தவர். 1978 செப்டம்பரில், 44 வயதில், அவருடைய வலது மார்பகம் புற்றுநோயால் அகற்றப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு தொண்டர் பெண்மணி பார்க்க வந்தார். மார்பகம் அகற்றப்பட்ட பெண்களை, அதே அனுபவம் உள்ள இன்னொரு பெண் போய்ப் பார்த்துத் தைரியம் சொல்லும் திட்டம் அது. டெரீஸ் லாசர் என்பவர் 1952-ல் ஆரம்பித்து, 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்ட திட்டம். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஆறுதல் தந்தது என்பதில் சந்தேகமில்லை.

வந்தவர் அன்பாகப் பேசினார். போகும்போது உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஆட்டுரோமத்தாலான ஒரு திண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் நிறம் வெளிறிய இளஞ்சிவப்பு!

லார்ட் கண்ணாடி முன் நின்று அதை வைத்துப் பார்த்தார். அவருடைய தோல் கறுப்பு. துணியையும் தாண்டி அந்த வெளிர் நிறம் விகாரமாகத் தெரிந்தது. யாரும் அவரை அவமானப்படுத்த நினைக்கவில்லை. அதைத் தயாரித்தவர்களின் மனதில் 'நோயாளி' என்றால் வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான் இருந்தாள், அவ்வளவுதான். இப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பது திட்டி அனுப்புவதை விட மோசம்.

சுமார் பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனார். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் செக்கப். அவர் செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளாமல் வந்திருப்பதைப் பார்த்த நர்ஸ், அப்படி வருவது கிளினிக்கின் மனஉறுதிக்கு நல்லதல்ல என்கிற தொனியில் பேசினார். லார்டுக்குக் கோபம் வந்தது. ஒரு கண்ணை இழந்து கறுப்புப் பட்டை கட்டிய இஸ்ரேல் தளபதி மோஷே தயானிடம் போய், "கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளுங்கள், பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது" என்று யாராவது சொல்வார்களா என்று பின்னாளில் கேட்டார். இதையெல்லாம் 1980-ல் 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். புற்றுநோய்க்குப் பிந்தைய கவனிப்பு யாரை மனதில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை இத்தனை அப்பட்டமாகக் கேட்ட முதல் குரல்களில் அதுவும் ஒன்று. 1984-ல் நோய் அவருடைய கல்லீரலுக்குப் பரவியது தெரிய வந்தது. 1992-ல் இறந்தார்.

அடுத்தவர் ஒரு டாக்டர். பெயர் ஃபிட்ஸ்ஹியூ மல்லன். 1975-ல் நியூ மெக்ஸிகோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தன்னுடைய மார்பு எக்ஸ்ரேவில் தானே கட்டியைப் பார்த்தவர். வயது 32. கடுமையான சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தார். பத்து வருடம் கழித்து, 1985-ல், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'குணமாயிற்றா, இல்லையா' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்காதீர்கள், பிழைத்தல் என்பதற்கே பருவங்கள் உண்டு என்றார். தண்ணீரில் மூழ்குகிறவனை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, இருமிக்கொண்டு கிடப்பவனைத் திரும்பிப் பார்க்காமல் போவது போல இருக்கிறது நம் வைத்தியம் என்பது அவர் சொன்ன உவமையின் சாரம்.

அதற்கு அடுத்த வருடம், 1986 அக்டோபரில், அல்புகர்க்கி நகரில் மல்லனும் இன்னும் சிலரும் கூடி ஒரு தேசியக் கூட்டமைப்பை ஆரம்பித்தார்கள். 'புற்றுநோய்க்குப் பலியானவர்' என்று சொல்லக்கூடாது, நோய் கண்டறியப்பட்ட நிமிடத்திலிருந்தே அவர் 'பிழைத்திருப்பவர்' என்று அறிவித்தார்கள். (தமிழில் 'புற்றுநோயிலிருந்து மீண்டவர்' என்று எழுதுகிறோம். மீண்டவர் என்றால் திரும்பி வந்தவர். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியாது என்பதுதான் மல்லனின் வாதம். வார்த்தை கிடைப்பது எளிதல்ல.)

இந்த மல்லன் ஏழைகளை அறியாதவர் அல்ல. மாணவராக இருந்தபோது 1965-ல் மிஸிஸிப்பிக்குப் போய்க் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தில் வேலை செய்தவர். பிறகு பிராங்க்ஸ் பகுதியில், போர்ட்டோரிக்கோ மக்கள் நிறைந்த லிங்கன் ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஆனாலும் அவர் தொடங்கி வைத்த இயக்கத்தின் குரல் பெரும்பாலும் படித்த, இன்சூரன்ஸ் உள்ள, வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் குரலாகவே ஒலித்தது. எழுதத் தெரிந்தவர்கள், டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், கூட்டத்துக்கு விமானத்தில் போக முடிந்தவர்கள். இப்படிப்பட்டவர்களால்தான் அந்த இயக்கம் சீக்கிரம் வளர்ந்தது, அதன் கண்ணுக்குச் சிலர் படாமல் போனதும் இதனால்தான்.

லிங்கன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆற்றைக் கடந்தால் ஹார்லம். அங்கே வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

ஹார்லம் ஆஸ்பத்திரிக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1919-ல் அங்கே சேர்ந்த லூயிஸ் ரைட் என்ற கறுப்பின அறுவைச் சிகிச்சை நிபுணர், 1948-ல் அங்கே புற்றுநோய் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். கீமோதெரபி தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. 1952-ல் அவர் இறந்ததும் அவர் மகள் ஜேன் ரைட் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1964-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேரில் ஒரே பெண் இந்த ஜேன் ரைட்தான்.

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்கு 1967-ல் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற இளம் அறுவைச் சிகிச்சை டாக்டர் வந்து சேர்ந்தார். நியூயார்க்கின் மிகப் பிரபலமான புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர். கற்றதையெல்லாம் வைத்து ஏழைகளைக் காப்பாற்றலாம் என்று வந்தவர். வந்த பெண்களைப் பார்த்ததும் அதிர்ந்து போனார். கட்டி வெளியே உடைத்துக்கொண்டு புண்ணாகி, ரத்தம் கசியும் நிலையில் வந்தார்கள். கத்தியால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

1964 முதல் 1986 வரை அந்த ஆஸ்பத்திரிக்கு மார்பகப் புற்றுநோயோடு வந்த 606 பேரின் கணக்கை ஃப்ரீமன் பிறகு வெளியிட்டார். பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். ஐந்து வருடம் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம் மட்டுமே.

அவர் 1979-ல் ஹார்லமில் இலவசப் பரிசோதனை மையங்களைத் திறந்தார். பெண்கள் வந்தார்கள். சிலருக்குச் சந்தேகப்படும்படி ஏதோ தெரிந்தது. "அடுத்து பயாப்ஸி எடுக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்ப வரவேயில்லை. எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. ஒருத்திக்குக் குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லை. இன்னொருத்திக்கு இன்சூரன்ஸ் பாரம் நிரப்பத் தெரியவில்லை. வரிசையில் நான்கு மணி நேரம் நின்றால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரி மேலேயே நம்பிக்கை இல்லாதவர்களும் இருந்தார்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "கூட யார் வந்திருக்கீங்க?" என்பதுதானே. சீட்டு வாங்க, ரத்தம் கொடுத்த ரிசல்ட்டை எடுத்து வர, டாக்டர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள எப்படியும் ஒரு ஆள் வேண்டும். ஃப்ரீமன் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட இதைத்தான். 1990-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் நிதியோடு, ஹார்லம் மக்களுக்குள்ளிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து நோயாளிகளோடு சேர்த்துவிட்டார். டாக்டர்களும் அல்ல, நர்ஸ்களும் அல்ல. கப்பலுக்கு வழி காட்டுபவரைக் குறிக்கும் 'நேவிகேட்டர்' என்ற பெயரை வைத்தார். தமிழில் 'வழித்துணை' என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பலன் உடனே தெரிந்தது. வழித்துணை கிடைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பயாப்ஸியை முடித்தார்கள். கிடைக்காதவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான். 1995 முதல் 2000 வரை வந்த நோயாளிகளின் கணக்கில், ஆரம்பக் கட்டத்திலேயே வந்தவர்கள் 41 சதவீதம். முற்றிய நிலையில் வந்தவர்கள் 21 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐந்து வருடம் கடந்தவர்கள் 70 சதவீதம்! இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்து செய்த வேலை இது. புது மருந்துகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம்தான். ஆனால் முற்றிய நிலையில் வருகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்ததற்கு மருந்து காரணமாக இருக்க முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹார்லம் வழித்துணையின் வேலை சந்தேகம் எழுந்த நாளில் ஆரம்பித்துச் சிகிச்சையோடு நின்றது. மல்லனின் இயக்கம் பேசியதோ சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கையை. ஒன்று ஏழைகளுக்காகப் பிறந்து பாதி வழியில் நின்றது. இன்னொன்று மீதி வழியைப் பற்றிப் பேசியது, ஆனால் ஏழைகள் அதில் அதிகம் இல்லை. இரண்டும் ஒரே நகரத்தின் ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவர்களிடமிருந்து வந்தவை என்பது வேடிக்கை. சிகிச்சையை முடித்த கறுப்பினப் பெண் இரண்டுக்கும் நடுவில் விழுந்தாள்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1994-ல் ஹூஸ்டனில் கேரன் ஜாக்ஸன் என்ற பெண், மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்த கறுப்பினப் பெண்களுக்காகவே 'சிஸ்டர்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். அவரும் அந்த நோயைச் சந்தித்தவர். ஆர்கன்ஸாவில் 1990-களின் தொடக்கத்தில், பிழைத்த பெண்கள் தேவாலயங்களுக்குப் போய்த் தங்கள் கதையைச் சாட்சியாகச் சொல்லும் திட்டம் ஒன்று நடந்தது. "இந்த நோய் வந்தால் சாவுதான்" என்று நம்பிக்கொண்டிருந்த ஊரில், எதிரே நின்று பேசுகிற ஆளே பதில்.

மொழி இன்னொரு சுவர். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த அம்மா, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த டாக்டர், நடுவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. "புற்றுநோய் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கணும்" என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? பாதியை விழுங்கித்தான் சொல்வான். அரசுப் பணம் வாங்கும் அமைப்புகள் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் உரிய வசதி செய்ய வேண்டும் என்று 2000 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆணை வந்ததும் எல்லா இடத்திலும் மொழிபெயர்ப்பாளர் வந்துவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிறகு வந்தது 2005. அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் மாதம் அதிபர் ஜார்ஜ் புஷ் வழித்துணைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஃப்ரீமனின் யோசனை தேசியச் சட்டமாயிற்று. நவம்பரில் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒரு தடிமனான அறிக்கையை வெளியிட்டது. 'நோயாளியிலிருந்து பிழைத்தவராக மாறும் வழியில் தொலைந்து போகிறார்கள்' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். பிழைத்தவர் ஒவ்வொருவருக்கும் சிகிச்சை முடிகிறபோது ஒரு 'கவனிப்புத் திட்டம்' எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. என்ன சிகிச்சை நடந்தது, இனி என்ன பரிசோதனை, எப்போது, யாரிடம் என்றெல்லாம் எழுதிய தாள்.

தாள்! இங்கேதான் ஹார்லம் பாடம் மறந்து போனது. அங்கே பெண்கள் திரும்பி வராமல் போனது தகவல் இல்லாததால் மட்டுமா? "பயாப்ஸி எடுக்கணும்" என்ற தகவல் அவர்களிடம் இருந்தது. கூட வர ஆள்தான் இல்லை.

ஆனால் தாளை எண்ணுவது எளிது, ஆளை எண்ணுவது கஷ்டம். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2012-ல் வெளியிட்ட விதிகளில் வழித்துணை, கவனிப்புத் தாள் இரண்டையும் சேர்த்தது. 2015-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. நர்ஸ்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பாரங்களை நிரப்பினார்கள். இதற்கிடையில் கனடாவில் 408 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-லேயே வந்திருந்தது. தாள் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் மனக்கவலையில் வித்தியாசமே இல்லை. கடைசியில் 2020-ல் வந்த புதிய விதிகளில் அந்தத் தாள் கட்டாயம் என்பது நீக்கப்பட்டது.

ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலும் பென்ஸில்வேனியாவின் பிட்ஸ்பர்கிலும் ஒரு சோதனை நடந்தது. நோயாளி ஒரு அப்பாயின்ட்மென்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் உடனே மணி அடிக்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் வழித்துணை ஒருவர் உடனே அவரைத் தொடர்புகொண்டு என்ன பிரச்சினை என்று கேட்பார். கறுப்பின நோயாளிகள் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், வெள்ளையர் எத்தனை பேர் என்ற கணக்கு டாக்டர்களின் முன் வைக்கப்படும். முன்பு மார்பக, நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் கறுப்பினத்தவரில் 79.8 சதவீதம், வெள்ளையரில் 87.3 சதவீதம். சோதனைக்குப் பிறகு 88.4, 89.5. இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. வெள்ளையர்களுக்கும் லாபம்தான் என்பதைக் கவனியுங்கள். 2019-ல் வெளியான முடிவு இது.

சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 'நுவோ அமனெசேர்' (ஸ்பானிஷில் 'புதிய விடியல்') என்ற திட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. புற்றுநோயிலிருந்து பிழைத்த, ஸ்பானிஷ் பேசும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மற்ற பெண்களின் தோழிகளாக அனுப்பினார்கள். எட்டு வாரம். மனஅழுத்தத்தைச் சமாளிப்பது, டாக்டரிடம் எப்படிக் கேள்வி கேட்பது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று எல்லாம் அவர்கள் மொழியிலேயே. ஆனா நாபோலஸ் என்ற ஆய்வாளர் தலைமையில் 151 பெண்களை வைத்து நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2015-ல் வெளியானது. அந்தப் பெண்களின் வாழ்க்கைத் தரம் கூடியது, உடல் உபாதைகளும் குறைந்தன. 1978-ல் லார்டைப் பார்க்க வந்த தொண்டரும் இதே வேலையைத்தான் செய்ய வந்தார். இங்கே வந்த தோழி அதே மொழி பேசினாள், அதே தெருவில் இருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் 'கலாச்சாரம்' என்ற கணக்கில் எழுதிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. கறுப்பினப் பெண்கள் ஹார்மோன் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்றால் "அவர்கள் நம்பிக்கை அப்படி" என்று முடித்துவிடுவார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, குடும்பத்தின் சொத்து மதிப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த இன வித்தியாசம் சுருங்கிவிட்டதைக் காட்டியது. அதாவது பல வீடுகளில் பிரச்சினை நம்பிக்கை அல்ல, பணம். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளைப் பெண்களை விடச் சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறப்பவர்களின் விகிதம் சுமார் 40 சதவீதம் அதிகம்.

வழித்துணைகளுக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்விதான் இத்தனை வருடமும் இழுத்துக்கொண்டே வந்தது. 2005 சட்டம் ஐந்து வருடத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் வரை அனுமதித்தது. ஒரு நாட்டுக்கு அது சில்லறை. நன்கொடை வந்தால் ஆள் இருப்பார், நின்றால் போய்விடுவார். கடைசியில் 2024 ஜனவரியில் மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் முதல்முறையாக இந்த வேலைக்குத் தனியாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. புற்றுநோய் போன்ற கடும் நோய் உள்ளவருக்கு, பயிற்சி பெற்ற வழித்துணை மாதத்தில் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம். ஃப்ரீமன் ஹார்லமில் ஆரம்பித்து 34 வருடம் ஆகியிருந்தது.

மெடிகேர் பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கானது. ஃப்ரீமன் 1990-ல் சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்று இருக்கிறது. ஹார்லமில் வாழும் கறுப்பின ஆண் 65 வயதை எட்டும் வாய்ப்பு, பங்களாதேஷில் வாழும் ஆணுக்கு இருப்பதை விடக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டிய கட்டுரை அது.